போணிக்கு முன்னால் கேட்ட கேள்வி

சரவணா,

போனில் பேசினால் நீ என்னை முடிக்க விடமாட்டாய். நானும் உன்னை முடிக்க விடமாட்டேன். உன் அப்பா ஹாலில் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுறீங்களே, யாரு கேக்குறது?" என்பார். அதனால்தான் எழுதுகிறேன். இன்று காலையில் நீ சொன்ன செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன் என்று பொய் சொல்ல வரவில்லை. பெங்களூர் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுத் திருச்சியில் ஆராய்ச்சி வேலைக்குச் சேரப்போகிறாய். மார்க்கெட்டில் தெருவோரம் வியாபாரம் செய்யும் பெண்களுக்கு ஏன் சிறுநீரகம் கெடுகிறது என்று ஆராய்ந்து, அதிகாரிகளிடம் வாதாடி, அவர்களுக்கு ஒரு கழிப்பறை வாங்கித் தரப்போகிறாய். "நீ ஆரம்பிச்சத நான் முடிச்சு வைக்கிறேன்மா" என்றாய். பெற்றவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்திருப்பாய். ஆனால் நான் ஆரம்பித்தது எங்கே போய் நிற்கிறது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு அப்புறம் வேலையை விடு.

கீரைக்காரம்மா என்று நீ கூப்பிடும் பழனியம்மாவை உனக்கு நினைவிருக்கும். காந்தி மார்க்கெட்டுக்கு வெளியே சாலையோரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார். சின்ன வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ வரும்போதெல்லாம், "வாங்க கலெக்டரே" என்று உன் சட்டைப் பையில் கறிவேப்பிலையைச் செருகிவிடுவார். நீ கலெக்டர் ஆகாமல் டாக்டர் ஆனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பாலக்கரையிலிருந்து விடியுமுன்னே வந்துவிடுவார். கட்டு எடுத்து, பிரித்து, தண்ணீர் தெளித்து அடுக்கினால் மத்தியானம் வரை எழுந்திருக்க முடியாது. மார்க்கெட்டுக்குள் இருக்கிற வசதியெல்லாம் உள்ளே கடை வைத்திருப்பவர்களுக்கு. வெளியே சாக்கு விரித்தவர்கள் சாலையைத் தாண்டி, பஸ்களுக்கு நடுவே புகுந்து, எங்கோ போய் வர வேண்டும். வருவதற்குள் மாடு கீரையில் வாய் வைத்திருக்கும். இல்லாவிட்டால் இவர்கள் சாக்கைத் தள்ளிவிட்டு வேறொருவர் சாக்கு விரித்திருப்பார். அதனால் அந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே வழியைத்தான் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தண்ணீர் குடிப்பதில்லை. சித்திரை வெயிலிலும் குடிப்பதில்லை. ஒருநாள் மனசு கேட்காமல் என் பாட்டிலை நீட்டினேன். "வேணாம் டீச்சரம்மா, உள்ள போனா வெளிய வரணும்ல" என்று சிரித்தார். நான் கல்லூரியில் சமூகப்பணி பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. ஏழைகளின் உடல்நலம் பற்றி வகுப்பில் மணிக்கணக்காகப் பேசிவிட்டு, மாலையில் வந்து அவரிடம் முருங்கைக்கீரை வாங்குவேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் இதை ஆராய்ச்சியாக எடுத்துச் செய்வது என்று முடிவெடுத்தேன்.

அந்த ஆராய்ச்சியைத்தான் நீ பெருமையாகப் பேசுகிறாய். அதை எப்படிச் செய்தோம் என்று கேள். அந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பது விடியற்காலையில்தான். கூட்டமும் அப்போது குறைவு. அதனால் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் போய் இறங்கிவிடுவோம். ஆளுக்கு ஒருத்தியாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "நீர்க்கடுப்பு இருக்கா? கால் வீங்குதா? அடிக்கடி காய்ச்சல் வருதா?" என்று கேட்போம். "இல்லம்மா, ஆத்தா புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்பார்கள். அடுத்தவரும் அதையே சொல்வார். வரிசையாக எல்லோரும் நல்லா இருந்தார்கள். எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் ஆராய்ச்சி என்றால் அவர்கள் சொன்னதைத்தானே எழுத வேண்டும்? எழுதினேன். தெருவோர வியாபாரப் பெண்கள் தங்களுக்குப் பெரிய உடல்நலக் குறை இருப்பதாகக் கருதவில்லை என்று கட்டுரை வந்தது. ஒரு கருத்தரங்கில் எனக்குப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். அது இன்னும் பீரோவில் இருக்கிறது. உன் அப்பா அதைத் தலையணை உறையாகத் தைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அப்புறம் ஒருநாள் காலையில் அரிசிப் பானையைத் திறந்தால் அடியில் ஒரு பிடிதான் இருந்தது. கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த உன் அப்பாவிடம், "அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கிட்டு வந்துருங்க" என்றேன். சொன்ன வாயோடு அப்படியே நின்றுவிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, அத்தை வீட்டார் வந்திருந்த அன்று, சமையலறையிலிருந்து "அம்மா, உப்பு தீந்துபோச்சு" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாய். ஓடிவந்து தொடையில் கிள்ளினேன். "தீந்துபோச்சுன்னு சொல்லக்கூடாதுடா, நிறைஞ்சிருக்குன்னு சொல்லு." நீ விடுவாயா? "நிறைஞ்சிருந்தா எதுக்கு வாங்கணும்?" என்றாய். இன்னொரு கிள்ளு கிள்ளினேன். இல்லை என்ற சொல்லை வாயில் எடுக்காத வீட்டில் பிறந்து, அதே வழக்கத்தில் பிள்ளை வளர்த்தவள், வியாபாரம் செய்கிற பெண்களிடம் முதல் போணி ஆவதற்கு முன்னால் போய் நோய் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் கடன் என்ற சொல்லையே காதில் வாங்கமாட்டார்கள். நோய் இருக்கிறது என்று சொல்வார்களா? அன்றைக்கு வியாபாரம் விளங்குமா? ஒரு வெள்ளைக்காரன் வந்து இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

சும்மா இருக்கவில்லை. மறுபடியும் போனோம். இந்த முறை சாயங்காலம், பாலக்கரையில் அவர்கள் வீடுகளுக்கே போனோம். வியாபாரம் முடிந்து, குளித்து, சோற்றை வடித்துவிட்டு உட்கார்ந்திருந்த அதே பெண்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே முடியவில்லை. கடுப்பு, காய்ச்சல், இடுப்பு வலி, விடிந்தால் மோதிரம் கழலாத விரல்கள். பரிசோதனைக்கும் ஒத்துக்கொண்டார்கள். வந்த முடிவுகளைப் பார்த்துக் கூட வந்த டாக்டர் அம்மா முகம் செத்துப்போனது. பழனியம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கியிருந்தது. இதையும் எழுதினோம். எழுதி எடுத்துக்கொண்டு போய் அதிகாரிகளின் மேஜையில் வைத்தோம்.

இனிமேல் உன் வேலை என்று நீ நினைக்கிற பாகம் வருகிறது, நிதானமாகப் படி. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். உட்காரச் சொல்லி, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்து, பொறுமையாகப் படித்தார். படித்துவிட்டு அலமாரியிலிருந்து என்னுடைய பழைய கட்டுரையை எடுத்தார். "மேடம், இதுவும் நீங்க எழுதினதுதானே? எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இப்ப நீங்களே மாத்திச் சொன்னா, நான் எதை வச்சு மேல அனுப்புறது?" என்றார். போணி விஷயத்தை விளக்கினேன். கேட்டுத் தலையாட்டினார். அவர் மனைவியும் வீட்டில் அப்படித்தான் சொல்வாராம். "ஆனா இதையெல்லாம் ஃபைல்ல எழுத முடியாதுங்களே" என்றார். சொந்தக் கையால் எழுதியதே குறுக்கே வந்து நின்றால் வேறு யாரைக் குறை சொல்வது? ஆராய்ச்சி இல்லாததால் காரியம் நடக்கவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்வதற்கு ஆராய்ச்சி இன்னும் வசதியாக இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

சரி, காகிதம் பேசவில்லை, ஆள் பேசட்டும் என்று பழனியம்மாவையே ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப்போனேன். நீதான் அப்போது போனில், "பாதிக்கப்பட்டவங்களே பேசணும்மா, அதுதான் முறை" என்று எனக்கு வகுப்பெடுத்தாய். காலைக் கூட்டம். நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனோம். பெரிய அதிகாரி அவரைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். "வாங்கம்மா. உடம்பெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். பழனியம்மா இரண்டு கையையும் கூப்பி, "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேங்கய்யா" என்றார். புடவைக்குக் கீழே கால் இரண்டும் வீங்கியிருந்தது. டீ கொடுத்தார்கள், குடிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் பேசியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். வெளியே வந்ததும் நடுரோட்டில் அவரைத் திட்டித் தீர்த்தேன். "பெரிய மனுஷன் எழுந்து கும்பிடுறாரு. வெள்ளனே மொத வார்த்தையா நோவுன்னா சொல்லுவாங்க? இங்கேருந்து நேரா யாவாரத்துக்குல்ல டீச்சரம்மா போவணும்" என்றார். அந்த அதிகாரியிடம் காட்டியிருக்க வேண்டிய கோபத்தை நான் அவரிடம் காட்டினேன். நீ இந்த வேலைக்கு வந்தால் உனக்கும் தினமும் கோபம் வரும். அதைக் கேட்பதற்குப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் இந்தப் பெண்களாகத்தான் இருக்கும். அந்த ஒன்றை மட்டும் செய்துவிடாதே.

அடுத்த மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்குப் பழனியம்மா சொர்க்கவாசல் சேவிக்க ஸ்ரீரங்கம் வந்தார். நம் வீட்டில்தான் தங்கினார். திருவிழாக் கூட்டத்துக்காக ராத்திரியோடு ராத்திரியாக வண்டிக் கழிப்பறைகளைக் கொண்டுவந்து வீதி ஓரமாக வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர் லாரி, விளக்கு, துடைக்க ஆள் எல்லாம் இருந்தது. பழனியம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். "ஏன் டீச்சரம்மா, நம்மளுக்குத்தான் கட்ட எடமில்லன்னாங்க. இது சக்கரத்துலல்ல நிக்கிது?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருவிழா முடிந்த கையோடு ஓடினேன், ஒரே ஒரு வண்டியை மார்க்கெட்டுக்கு வெளியே காலையில் மட்டும் நிறுத்துங்கள் என்று. அது திருவிழாவுக்கு மட்டும்தானாம். இன்னொரு அறையில் கேட்டேன். மார்க்கெட்டே இடம் மாறப்போகிறது, இப்போது எதற்குச் செலவு என்றார்கள். இன்னொரு அறையில், வெளியே சாக்கு விரித்திருப்பவர்கள் மார்க்கெட்டைச் சேர்ந்தவர்களே இல்லை, அவர்களுக்குக் கொடுத்தால் ஆக்கிரமிப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், சரவணா. எனக்கு எந்த அறையிலும் நாற்காலி இல்லாமல் போகவில்லை.

இப்போது காலையில் நான் உன்னிடம் சொன்ன பொய்க்கு வருகிறேன். "கீரைக்காரம்மா எப்படிம்மா இருக்காங்க? மொத ஆளா அவங்களத்தான் பாக்கப்போறேன்" என்றாய். "நல்லா இருக்காங்கடா" என்றேன். அவர் ஆடியிலேயே செத்துப்போய்விட்டார், உன்னிடம் சொல்வதை நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். விடிந்ததும் விடியாததுமாக ஒரு நல்ல செய்தி சொல்கிறவனிடம் சாவைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

எப்படிச் செத்தார் என்று டாக்டராக நீ கேட்பாய். சிறுநீரகம் முழுதாகப் போய்விட்டது. ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் சிகிச்சை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான். அங்கே இருந்தவர்கள் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் வாரத்தில் பல நாள் போய் மணிக்கணக்காகப் படுத்திருக்க வேண்டும். சாலையோரத்தில் யார் விரித்திருக்கிறார்களோ அவர்களுடைய இடம் அது. இரண்டு நாள் சாக்கு இல்லாவிட்டால் மூன்றாம் நாள் அங்கே வெங்காயம் குவிந்திருக்கும். சிகிச்சைக்குக் காசு வேண்டாம். போவதற்கு இடத்தை அல்லவா விட வேண்டும்? ஒரு நாள் போவார், இரண்டு நாள் போகமாட்டார். நான் போய்க் கத்துவேன். "நாளைக்குப் போறேன் டீச்சரம்மா, இன்னைக்கு அமாவாச, அகத்திக்கீரை ஓடுற நாளு" என்பார். ஆடி வெள்ளி ஒன்றில் மூச்சுத் திணறி வீட்டிலேயே போய்விட்டார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் போனபோது தலைமாட்டில் விளக்கேற்றி வைத்திருந்தார்கள். அழுதேன். அழுகையைவிட அதிகமாக எரிச்சல்தான் வந்தது, அவர் மேல், என் மேல், அந்த மரியாதையான மனிதர்கள் மேல்.

எனக்கும் உன் அப்பாவுக்கும் ரத்தக் கொதிப்பு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறோம். மேஜை மேல் தண்ணீர்ச் சொம்பு இருக்கிறது. குடிக்க மறந்தால் நீ பெங்களூரிலிருந்து போன் பண்ணித் திட்டுகிறாய். பழனியம்மாவுக்கு என் வயதுதான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். எந்தக் கட்டுரையிலும் இதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை. நீ உன் ஆராய்ச்சியில் புதிதாகக் கண்டுபிடிக்கப்போவதும் இதைத்தான். நீ என்னைவிடக் கெட்டிக்காரன். சரியான நேரத்தில், சரியான கேள்வியைக் கேட்பாய். கட்டுரை நல்ல இடத்தில் வரும். உனக்கும் ஒரு பொன்னாடை போர்த்துவார்கள். அதை எடுத்துக்கொண்டு நீயும் அந்த அறைகளுக்குப் போவாய். உன் பக்கமும் மின்விசிறியைத் திருப்பி வைப்பார்கள். உனக்கு நம்பிக்கை கொடுக்கிற மாதிரி ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று மனசுக்குள் துழாவிப் பார்த்துவிட்டேன். இருந்தால் ஒளித்துவைப்பேனா?

காலையில் போனை வைத்துவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. பஸ் ஏறி மார்க்கெட்டுக்குப் போனேன். பழனியம்மாவின் மகள் வசந்தா இப்போது அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தனியார் கம்பெனி ஒன்றில் துடைக்கிற வேலையில் இருந்தவள், அம்மாவின் இடம் கைவிட்டுப் போய்விடக்கூடாது என்று வேலையை விட்டுவிட்டு, பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூடக் காத்திராமல் அடக்கம் முடிந்த மறுநாளே சாக்கை விரித்துவிட்டாள். வெயில் ஏறியிருந்தது. உதடு வெடித்திருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? பக்கத்தில் உட்கார்ந்து, நீ வரப்போவதைச் சொன்னேன். முகம் மலர்ந்தது. "டாக்டர் அண்ணனா? இங்கயே வந்துடுறாரா? எதுக்கு?" என்றாள்.

"உங்க எல்லாருக்கும் ஒடம்பு ஏன் கெட்டுப்போகுதுன்னு ஆராய்ச்சி பண்ண."

கீரைக் கட்டைத் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டே, "அதான் தெரியுமே" என்றாள். கட்டை உதறி அடுக்கிவிட்டு, "அண்ணன் வந்தா கக்கூஸ் வந்துருமா டீச்சரம்மா?" என்று கேட்டாள்.

அவள் அம்மா இதே கேள்வியைக் கேட்டபோதெல்லாம், "வந்துரும், அடுத்த வருஷத்துக்குள்ள வந்துரும்" என்று சொல்லியிருக்கிறேன். நம்பியும் சொல்லியிருக்கிறேன், நம்பாமலும் சொல்லியிருக்கிறேன். இவளிடம் சொல்ல வாய் வரவில்லை. "வராதும்மா" என்றேன்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. ஒரு ஆள் வந்து சிறுகீரை விலை கேட்டான், சொன்னாள், வாங்காமல் போய்விட்டான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அப்ப அண்ணன அங்கயே இருக்கச் சொல்லுங்க டீச்சரம்மா. அங்க நாலு உசுரயாவது காப்பாத்துறாருல்ல?" என்றாள். நிஜமாகவே உன்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாள். அவள் குரலில் குத்தல் இருந்திருந்தால் நான் தாங்கிக்கொண்டிருப்பேன்.

இதை உன்னிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். சொல்லாவிட்டால் நீ வந்துவிடுவாய். வந்தால் எனக்கு நல்லதுதான். உன் அப்பாவுக்கு இடது கண்ணில் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. உனக்குச் சொல்லவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. சாயங்காலம் ஆனால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நீ பக்கத்தில் இருந்தால் போதும் என்று ஒவ்வொரு நாளும் ரங்கநாதரிடம் வேண்டிக்கொள்கிறேன். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அதனால் எங்களுக்காக வருவதானால் நாளைக்கே வா, உன் அறையைக் கூட்டி வைக்கிறேன். ஆனால் அவர்களுக்காக வந்திருக்கிறேன் என்று மட்டும் வசந்தாவின் முன்னால் போய் நிற்காதே. அவள் உன்னை நம்பிவிடுவாள்.

அம்மா